வெற்றுக் கட்டம்

மார்கழிப் பனி தொடங்கிய ஒரு மாலைப் பொழுது. சிட்லபாக்கத்தில் என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பழைய உரைநூல் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு மாணவி, பதினோராம் வகுப்பிற் பயில்பவள், சில தாள்களுடன் வந்து நின்றாள். "ஐயா, நாளை மறுநாள் பள்ளியில் ஆய்வுக் கட்டுரையைக் கொடுக்க வேண்டும். பிழை திருத்தித் தருவீர்களா?" என்றாள். ஓய்வு பெற்ற தமிழாசிரியனுக்கு இதனினும் இனிய வேண்டுகோள் ஏது? சிவப்பு மை எழுதுகோலைத் தேடி எடுத்தேன்.

எங்கள் ஊர் ஏரியைப் பற்றியது அக்கட்டுரை. பேரூராட்சியாக இருந்து 2021 ஆம் ஆண்டில் தாம்பரம் மாநகராட்சியுள் அடங்கிய இவ்வூரில், வீடுகள் பெருகப் பெருக ஏரி சுருங்கியது. பின்னர் மக்கள் விழித்துக் குரல் எழுப்பவே, அதனைச் சீர்செய்யும் பணி நடைபெற்றது. ஏரியில் நீர் நின்றால் ஊர்க்கிணறுகளுக்கு என்ன பயன் என்பதே அவள் எழுப்பிய வினா. கரையை அடுத்து மூன்று கிணறுகள், தொலைவில் மூன்று கிணறுகள். பத்து வாரம் ஞாயிறுதோறும் கயிற்றிற் கல் கட்டி இறக்கி, நீர்மட்டம் எவ்வளவு ஆழத்தில் உள்ளது என்று அளந்திருக்கிறாள்.

முதற் பக்கத்திலேயே என் கைவரிசையைக் காட்டிவிட்டேன். 'கிணத்துத் தண்ணி' என்று அவள் எழுதியிருந்ததை அடித்து, 'கூவல் நீர்' என்று எழுதினேன். "கூவல் என்றால் என்ன, ஐயா? கூவம் ஆறா?" என்று கேட்டாள். நானும் நகைத்து, 'கிணற்று நீர்' என்று மாற்றிக் கொடுத்தேன். திருத்துவோன் தன் புலமையைப் பிறர் தாளில் ஏற்றிவிடுதல் எங்கள் கூட்டத்தாரின் பழைய நோய்.

கட்டுரையின் அமைப்பிலும் குறைகள் இருந்தன. பக்கந்தோறும் பூக்கொடி வரைந்து வண்ணம் தீட்டியிருந்தாள். ஆயின் மூன்று பக்கங்கள் பத்தி பிரியாமல் ஓடின. சில அளவுகள் அடியிலும் சில மீட்டரிலும் இருந்தன. பக்க எண்ணே இல்லை. "கருத்து நன்றாக இருந்தால் போதாதா?" என்றாள்.

நான் அவளுக்கு ஏட்டுச்சுவடியின் இயல்பைக் கூறினேன். பழைய ஓலைகளிற் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வேறுபாடின்றி இருக்கும். ரகரத்துக்கும் காலுக்கும் வடிவம் ஒன்றே. செய்யுள் எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது என்று அறிவதே அரிது. 1880 ஆம் ஆண்டில் சேலம் இராமசுவாமி முதலியாரின் தூண்டுதலால் சீவக சிந்தாமணியைக் கையிலெடுத்த உ. வே. சாமிநாதையர், அதனை 1887 இல் அச்சிட்டு வெளியிடும் வரையில் இவ்வகை இடர்கள் பலவற்றோடு போராடினார். செய்யுள் வேறு, உரை வேறு, மேற்கோள் வேறு எனப் பிரித்து அமைத்தார். பூக்கொடி வரையவில்லை. படிப்பவன் கண் தடுமாறாமைக்கே அவ்வமைப்பு. அச்சிட்ட பின்னும் திருத்தி, 1907 இலும் 1922 இலும் மறுபதிப்புகளைக் கொணர்ந்தார். முதற் பதிப்புக்கும் மூன்றாம் பதிப்புக்கும் இடையே முப்பத்தைந்து ஆண்டுகள்! "எனக்கு இரண்டு நாள்தான் உள்ளது, ஐயா" என்றாள் அவள்.

பின்னர் அட்டவணையைப் பார்த்தேன். ஆறு கிணறு, பத்து வாரம்; அறுபது கட்டங்களும் நிரம்பியிருந்தன. எங்கோ ஒன்று உறுத்தியது. ஆறாம் வாரத்து அளவுகள் ஐந்தாம் வாரத்துக்கும் ஏழாம் வாரத்துக்கும் சரிபாதியாக இருந்தன. ஒரு கிணற்றில் அன்று, ஆறு கிணறுகளிலும். மழை அத்துணை நேர்மையான கணக்கர் அல்லர்.

"இந்த ஞாயிறு அளந்தாயா, அம்மா?"

அவள் முகம் வாடியது. "அன்று தெருவில் முழங்கால் அளவு வெள்ளம். வெளியே போக அம்மா விடவில்லை. கட்டம் வெறுமையாக இருந்தால் நன்றாயிராது என்று நிரப்பினேன்."

அந்த வாரமே கட்டுரைக்கு உயிர்நிலை. 'ஏரியை அடுத்த கிணறுகளே முந்தி நிறைந்தன' என்பது அவளது முடிவு. எது முந்தியது என்று காட்டவேண்டிய வாரத்திற்கு அளவே இல்லை. இதனைச் சொன்னபோது அவள் கண்கள் கலங்கின. "அப்படியானால் பத்து வாரம் அலைந்ததெல்லாம் வீணா?" எனக்கும் வருத்தமாகவே இருந்தது. எழுத்துப்பிழையைத் திருத்தித் தந்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாமோ என்றுகூட ஒரு கணம் எண்ணினேன். அந்தச் சரிபாதிக் கணக்கு வேறெவர் கண்ணிலும் படாமலே போயிருக்கும்.

மீண்டும் ஐயரிடமே சென்றேன். பழைய உரையாசிரியர்கள் பல நூல்களிலிருந்து மேற்கோள் காட்டுவர். எந்நூலிலிருந்து என்று பல இடங்களிற் கூறார். ஐயர் தேடிக் கண்டவற்றுக்கு நூற்பெயர் தந்தார். காணாதவற்றை மறைக்கவில்லை, 'விளங்கா மேற்கோள்' என்று தலைப்பிட்டுத் தனியே அகராதியாக அடுக்கினார். அதனைக் கண்ணுற்றுப் பின்வந்தோர் தேடலாயினர். இதைக் கேட்டு அவள் நெடுநேரம் பேசவில்லை.

பிறகு எழுதுகோலை என்னிடமிருந்து வாங்கினாள். ஆறாம் வாரத்துக் கட்டங்கள் ஆறிலும் ஒரு கோடு இட்டாள். அட்டவணையின் அடியில், 'வெள்ளத்தால் இவ்வாரம் அளக்க இயலவில்லை' என்று எழுதினாள். எஞ்சிய ஒன்பது வாரங்களையும் தானே கூட்டிக் கழித்துப் பார்த்தாள். கரைக் கிணறுகளின் நீர்மட்டம் தொலைக் கிணறுகளினும் கூடுதலாகவே உயர்ந்திருந்தது. 'முந்தி நிறைந்தன' என்பதை அடித்து, 'மிகுதியாக உயர்ந்தன' என்று திருத்தினாள். இதைத்தான் அவள் உண்மையில் கண்டிருந்தாள். இத்திருத்தத்தை நான் சொல்லவில்லை.

மறுநாள் மாலை படி எடுத்து வந்தாள். பூக்கொடியைக் காணவில்லை. அளவெல்லாம் மீட்டரில் இருந்தன. "நன்றியுரையில் உங்கள் பெயரைச் சேர்க்கட்டுமா?" என்றாள். "எழுத்துப்பிழை பார்த்தவர் என்று கடைசியில் எழுது. கிணற்றடிக்கு உன்னை விட்ட ஆறு வீட்டாரின் பெயர்கள் முன்னே வரட்டும்" என்றேன். மூன்றாம் வீட்டு அம்மையாரின் பெயரில் வருவது ரகரமா றகரமா என்று அவளுக்கு ஐயம். கேட்டு வருகிறேன் என்று தெருவில் இறங்கி நடந்தாள்.