பழைய எஞ்சினும் ஏழையின் நேரமும்

பழைய எஞ்சின் ஒன்றைக் குறைந்த செலவில் புதுப்பிப்பது எவ்வாறு என்னும் வினாவைக் கைவினைஞருக்கு மட்டுமே உரியதென நம்மிற் பலர் ஒதுக்கிவிடுகின்றனர். செலவு என்பது யாருடைய செலவு, குறைவு என்பது எதனாற் குறைவு என்று கேட்கத் தொடங்கியதும் அது பொருளாதாரத்தின் வினாவாகிவிடுகிறது. படித்தவர் அதிகம் நுழையாத மோட்டார்ச் சைக்கிள் கராச் ஒன்றிற் சில நாட்களைக் கழித்ததன் பயனாக இதனை எழுதுகிறோம்.

யாழ்ப்பாணத்தில் எம்.டி. 90, சி. 90 என்னும் பெயர்களை அறியாதார் இலர். ஒற்றைச் சிலிண்டர் கொண்ட இச்சிறு ஹொண்டா வண்டிகள் மூன்று தலைமுறையினரைச் சுமந்துள்ளன. சி. 90 இன் பழைய வகையிற் சிலிண்டரின் விட்டம் 50 மில்லிமீற்றர். பிஸ்ரன் ஏறியிறங்கும் தூரம் 45.6 மில்லிமீற்றர். கனவளவைக் கணிக்கும் மாணவருக்கு 89.5 கன சென்ரிமீற்றர் அளவில் விடை வரும். (பாடநூலில் இதற்கு முசலம் என்று பெயர். அழகிய சொல்தான், ஆயினும் அச்சொல்லைக் கொண்டு கடையில் எவரும் சாமான் வாங்கியதை நாம் கண்டதில்லை.)

இவ்வண்டிகள் பட்ட பாடு சிறிதன்று. 1990 இல் யுத்தம் மீண்டும் மூண்டு வடக்கின்மீது பொருளாதாரத் தடை விழுந்தபோது பெற்றோல் இல்லாத பொருளாயிற்று. சில துளி பெற்றோலைக் காட்டி எஞ்சினை உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட்டினர். மண்ணெண்ணெய் முற்றாக எரிவதில்லை. எரியாத பகுதி சிலிண்டர்ச் சுவரிலுள்ள ஒயிற் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழிறங்கி, அடியிலுள்ள ஒயிலையும் நீர்த்துப்போகச் செய்தது. கரி படிந்து றிங்குகள் தம் பள்ளங்களில் இறுகின. இத்தனைக்கும் மாற்றுச் சாமான் வருவதற்கு வழியில்லை. அக்காலக் கைவினைஞரின் சாமர்த்தியத்தைப் போற்றி நாம் நிறையப் பேசிவிட்டோம். அந்தப் புகையை அவர்கள் எத்தனை ஆண்டுகள் சுவாசித்தார்கள் என்பதைப் பேசவில்லை. இல்லாமையை ஒரு கலையாகக் கொண்டாடும் வழக்கம் நமக்கு உடன்பாடன்று.

இரண்டாவது நெருக்கடி அண்மையது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரி வரை கதவு திறக்கவில்லை. 2022 இல் ஒரு டொலரின் விலை சில மாதங்களுள் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா அளவுக்கு ஏறியது. அதே ஆண்டு ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாயிற்று. புது வண்டி கனவாகவே, பழையது பொன்னாயிற்று. எறிய வேண்டிய எஞ்சினையும் திருத்தியே ஆகவேண்டுமென்ற நிலை அப்போது வந்தது. இன்னும் பலருக்கு அது போகவில்லை.

நாம் அறிந்த மீன் வியாபாரி ஒருவரின் வண்டி பழைய சி. 90. விடியுமுன் கரைக்குப் போய்ப் பின்னாற் கட்டிய பெட்டியை நிரப்பிக்கொண்டு உட்கிராமங்களுக்கு ஓடுபவர் அவர். எஞ்சின் நீலப் புகை கக்கியது. பெட்டி நிறைந்தால் மேடு ஏற மறுத்தது. “அண்ணை, றிங்கை மட்டும் மாத்தி விடுங்கோ, நாளைக்குத் தொழிலுக்குப் போகவேணும்” என்றார். “அளந்து பாக்காமல் நான் ஒண்டும் சொல்லமாட்டன் தம்பி” என்றார் கராச்சுக்காரர்.

அந்த அளத்தல்தான் விடயத்தின் உயிர். முதலில் எஞ்சினைக் கழற்றாமலே பார்த்தார். பிளக்கின் துவாரத்தால் ஒரு கரண்டி ஒயிலை விட்டு மிதித்தபோது அமுக்கம் கூடியது. கூடினால் நோய் றிங்கிலோ சிலிண்டரிலோ இருக்கிறது. கூடாவிடின் வால்வைச் சந்தேகிக்க வேண்டும். கழற்றிய பின்னர், சிலிண்டரின் மேல், நடு, கீழ் என மூன்றிடங்களில், குறுக்கும் நெடுக்குமாக அளந்தார். பிஸ்ரன் ஒரு பக்கமாக அழுத்தி ஓடுவதால் துவாரம் வட்டம் மாறி முட்டை வடிவாகிறது. மேற்பகுதி கூடுதலாகத் தேய்கிறது. இத்தகைய சுவருக்குப் புது றிங் போடுவது ஓட்டைப் பானைக்குப் புது மூடி செய்வதை ஒக்கும். சில மாதங்களிற் புகை திரும்பும். மறுபடி கழற்றுகூலி, மறுபடி கஸ்கெற். கடைச்சற் பட்டறையில் 0.50 மில்லிமீற்றர் கூட்டிக் கடைந்து, அதற்குரிய பிஸ்ரனும் றிங்கும் போடுவதே முடிவில் மலிவு. கிராங்கைக் கையால் மேலும் கீழும் அசைத்துப் பார்த்தார், ஆட்டமில்லை. இருந்திருந்தால் கணக்கு முழுவதும் மாறியிருக்கும்.

எதில் மிச்சம்பிடிக்கலாம் என்பதற்கும் அவரிடம் ஓர் ஒழுங்கு இருந்தது. வால்வுகளைப் புதிதாக வாங்கவில்லை. பசை தடவிக் கையால் உருட்டி உருட்டி இருக்கையோடு பொருந்தச் செய்தார். பின் பெற்றோலை ஊற்றிக் கசிகிறதா என்று கால் மணி நேரம் காத்திருந்தார். ஹெட்டின் முகத்தைக் கண்ணாடித் தகட்டின்மேல் விரித்த அரத்தாளில் தேய்த்துச் சமமாக்கினார். பக்க மூடிக்குரிய கஸ்கெற்றைத் தடித்த தாளில் வெட்டினார். ஹெட் கஸ்கெற்றிலும் ஒயிலிலும் மட்டும் ஒரு சதமும் குறைக்க இணங்கவில்லை. அசல் போன்ற பெட்டியிற் போலிச் சாமான் வரும் காலமாகையால், றிங்கைச் சிலிண்டருக்குள் இறக்கி அதன் வாய் இடைவெளியை அளந்தே ஏற்றுக்கொண்டார்.

இவையெல்லாம் பணத்துக்குப் பதிலாக நேரத்தைக் கொடுக்கும் வேலைகள் என்பதைக் கவனிக்க வேண்டும். சிக்கல் இங்கேதான். கராச்சுக்காரருக்குக் கூலி கிடைப்பது மாற்றிய சாமானுக்கு. அளந்த நேரத்துக்கு எவரும் தருவதில்லை. நன்றாக அளந்து, “இது மாற்றத் தேவையில்லை” என்று சொல்பவர் தமது வருவாயைத் தாமே குறைத்துக்கொள்கிறார். மறுபுறம், வண்டி கழன்று கிடக்கும் ஒவ்வொரு நாளும் வியாபாரியின் அடுப்பைத் தொடுகிறது. ஒரு வாரம் காத்திருக்கக்கூடிய உத்தியோகத்தர் ஒரே முறை, ஒழுங்காகத் திருத்திக்கொள்வார். காத்திருக்க இயலாதவரோ றிங்கை மட்டும் மாற்றி, மூன்று முறை திருத்தி, மூன்று முறையும் பணம் கொடுப்பார். இதனை அவருடைய அறியாமை என்று நம்மவர் கூறக் கேட்டிருக்கிறோம். அறியாமையன்று, கையில் ஒரு வாரம் இல்லாமை.

பூட்டிய பின்னும் எஞ்சின் ஓய்வு கேட்கிறது. கடைந்த சுவரும் புது றிங்கும் ஒன்றோடொன்று இணங்கும் வரை, முதற் சில நூறு கிலோமீற்றர்களுக்குப் பாரம் குறைவாக, ஒரே வேகத்தில் இழுக்காமல், கூட்டியும் குறைத்தும் ஓடவேண்டும். நிறைந்த பெட்டியோடு முதல் நாளே மேடேறினால் சூட்டினாற் பிஸ்ரன் இறுகக்கூடும். செய்த வேலை அனைத்தும் வீண். ஆனால் அரைப்பெட்டி மீன் என்றால் அரை வருவாய். இயந்திரத்துக்குக் கொடுக்க வேண்டிய இந்த விடுமுறையை எந்த விலைச்சிட்டையிலும் காணமுடியாது.

இம்முறை ஒரு வழி பிறந்தது. அதே கரையில் மீன் எடுக்கும் வேறு இருவர், இரண்டு வாரங்களுக்கு அவருடைய பங்கில் பாதியைத் தமது பெட்டிகளில் ஏற்றிச் சென்று, அவருடைய வாடிக்கை வீடுகளிற் கொடுத்து, பணத்தை அவரிடமே சேர்ப்பித்தனர். சங்கமென்று ஒன்றும் அங்கில்லை; கேட்டதும் சம்மதித்தார்கள், அவ்வளவே. சாமான் கடனில் ஒரு பகுதியை நண்பர்களோடு நாமும் பகிர்ந்துகொண்டோம்.

முந்நூறு கிலோமீற்றர் ஓடியதும் ஒயிலை மாற்ற வந்தார். கராச்சுக்காரர் பழைய ஒயிலை ஒரு தட்டத்தில் வடித்து, வெயிலிற் சரித்துப் பார்த்தார். இரு விரல்களுக்கிடையே தேய்த்தும் பார்த்தார். உலோகத் துகள் சிறிதளவே மின்னியது. அது வழமையானதே என்று கூறிப் புது ஒயிலை விட்டு, இன்னும் ஒரு கிழமை பெட்டியை நிரப்பவேண்டாம் என்றார். வியாபாரியும் தலையாட்டினார். சனிக்கிழமை வரைதான் பொறுத்தார். அன்று கரைக்கு நல்ல விளைமீன் வந்திருந்தது.