பின்சில்லுத் துள்ளல்

புலம்பெயர்ந்து வந்த எங்கள் குடும்பங்கள் முதலில் வாங்குவது பெரும்பாலும் ஒரு பழைய நாலு கதவு யப்பான் கார்தான். பெற்றோல் குறையக் குடிக்கும், குளிரிலும் ஸ்ராட் பண்ணும், அரிசி மூட்டையும் ஏற்றலாம். பிள்ளைகள் வளர்ந்து தங்கள் கையில் நாலு காசு சேர்ந்ததும் அவர்களுக்குப் பிடிக்கிற கார் வேறு. எங்கள் மூத்தவன் இரண்டு வருடம் இரவு வேலை செய்து சேர்த்த 9,000 டொலரைக் கொடுத்து ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினான். அமெரிக்காவில் செய்தது, இரண்டு கதவு, எட்டுச் சிலிண்டர், கையால் மாற்றும் கியர், பின்சில்லில் இழுவை. எந்தக் கொம்பனி என்பது இங்கே தேவையில்லை. இந்த வகைக் கார்கள் பலவற்றிலும் வருகிற வருத்தம் இது.

இரண்டாம் கிழமையே குறை தெரிந்தது. மழை ஈரத்தில் 401 பெருந்தெருவுக்கு ஏறுகிற வளைவில் அவன் கொஞ்சம் அழுத்தி மிதித்தவுடன் பின்பக்கம் தட தடவென்று அடித்தது. சில்லு வழுக்கிச் சுற்றியிருந்தால் ஒரே இரைச்சலாகக் கேட்டிருக்கும். இது யாரோ பெரிய சுத்தியலால் அடியில் விடாமல் அடிப்பது போல இருந்தது. காரின் பின்பக்கம் ஒரு முழம் அளவுக்கு அடுத்த ஓடையை நோக்கி விலகியது. பின்னால் பாரவண்டி. இளையவள் பக்கத்து இருக்கையில் இருந்தாள்.

அன்றிரவு வீட்டில் பெரிய கதை. எங்களில் ஒருவருக்கு அதை அடுத்த நாளே விற்றுவிட வேண்டும். மற்றவருக்கு, விற்றால் வாங்கப் போவதும் இன்னொரு வீட்டுப் பிள்ளைதானே என்ற யோசனை. சொல்லி விற்றால் பாதி விலையும் வராது. சொல்லாமல் விற்க எங்கள் இருவருக்கும் மனம் வரவில்லை. ஆகவே முதலில் என்ன குறை என்று பார்ப்பது என்று முடிவாயிற்று.

அருகிலிருந்த ஒரு கராஜில் காட்டினோம். பத்து நிமிடம் பார்த்துவிட்டு, டிவரன்சியல் முழுவதையும் மாற்ற வேண்டும், 2,600 டொலர் என்றார்கள். ஏன் என்று கேட்டதற்கு, சத்தம் அங்கிருந்துதான் வருகிறது என்பதே பதில். சத்தம் வருகிற இடமும் குறை இருக்கிற இடமும் ஒன்றாக இருக்க வேண்டுமென்றில்லை. புதிதாக வந்தவர்கள் இதை மனதில் வைத்திருப்பது நல்லது. ஒரு கராஜ் பெரிய தொகை சொன்னால், எழுத்தில் வாங்கிக்கொண்டு இன்னொரு இடத்தில் காட்டுவதற்கு எவரும் கோபிக்க முடியாது.

எங்கள் தொடர்மாடியில் ஒரு அண்ணை இருக்கிறார். யாழ்ப்பாணத்தில் ஏ போர்ட்டி கார்களைத் திருத்தியவர். பெற்றோல் வராத 90களில் அவற்றை மண்ணெண்ணெயில் ஓடவைத்த கை. அவரிடம் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி: "தம்பி, ஒரே வேகத்திலை போகேக்கையும் அடிக்குதோ, மிதிக்கேக்கை மட்டும்தானோ?"

"மிதிக்கேக்கை மட்டும்தான் அண்ணை."

"அப்ப சில்லு பலன்ஸ் இல்லை. அடியைப் பாப்பம்."

அந்தக் கேள்வியிலேயே பாதி வேலை முடிந்துவிட்டது. சில்லு சமநிலை கெட்டிருந்தால் அதிர்வு வேகத்தோடு வரும், காலை எடுத்தாலும் நிற்காது. டிவரன்சியல் பல் தேய்ந்திருந்தால் பொதுவாக உறுமல் கேட்கும். மிதிக்கும்போது மட்டும் வந்து, காலை எடுத்தவுடன் நின்றுவிட்டால் அது பின்சில்லுத் துள்ளல்.

இது நடக்கும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தக் காரில் பின் அச்சு ஒரே துண்டு. எஞ்சின் சில்லை முன்னுக்கு உருட்டும்போது அச்சுப் பெட்டி எதிர்ப்பக்கமாகத் திரும்பப் பார்க்கும். அதைத் திரும்ப விடாமல் பிடிப்பவை உடலோடு இணைக்கும் இரும்புக் கைகள்: கீழே இரண்டு, மேலே ஒன்று. கைகளின் முனைகளில் றப்பர் புஷ்கள் உண்டு. மிதித்தவுடன் றப்பர் நசிகிறது, ரயரின் பக்கச் சுவரும் முறுகுகிறது. முறுக்கம் பிடிமானத்தை மிஞ்சியதும் ரயர் வழுக்கிவிடும். வழுக்கியவுடன் முறுக்கம் விடுபட்டு அச்சு பழைய நிலைக்குத் தெறிக்கும், ரயர் மறுபடி பிடிக்கும், மறுபடி முறுகும். செக்கனுக்குப் பத்துத் தடவையளவில் இது நடக்கும். அந்த அடி ஒவ்வொன்றும் அச்சுத் தண்டிலும் பற்சில்லிலும் விழுகிறது. விட்டுவைத்தால் கடைசியில் உண்மையாகவே டிவரன்சியல் உடைந்துவிடும். கராஜ்காரர் சொன்ன செலவு அப்போது நியாயமாகியிருக்கும்!

இது பெரிய கொம்பனிகளையே அலைக்கழித்த விடயம். 1967இல் வந்த ஷெவ்ரலே கமரோவில் பின் ஸ்பிறிங் ஒற்றைத் தகடு. அச்சு துள்ளியது. 1968 மொடலில் ஒரு பக்க ஷொக்கை அச்சுக்கு முன்னாலும் மறுபக்கத்ததைப் பின்னாலும் வைத்துத்தான் அதை அடக்கப் பார்த்தார்கள். 1980களின் நடுப்பகுதியிலிருந்து 2004 வரை வந்த எட்டுச் சிலிண்டர் மஸ்ராங்குகள் பலவற்றில் இதற்கென்றே அச்சின் இரு பக்கமும் ஒவ்வொரு படுக்கை ஷொக் மேலதிகமாக இருந்தது.

அண்ணையின் முறை, காசு செலவில்லாததை முதலில் பார்ப்பது. ரயர்க் காற்று 42 இறாத்தல் இருந்தது. ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தாளில் 32. அதைக் குறைத்தோம். ரயரின் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு கிழமை, அடுத்த இரண்டு ஆண்டு. எங்கள் இடது ரயரில் 2311, அதாவது 2011ஆம் ஆண்டு 23ஆம் கிழமை. பூ நன்றாகத்தான் இருந்தது, ஆனால் றப்பர் நகத்தால் அழுத்தினாலும் பதியாத கட்டை. வலது ரயர் வேறு கொம்பனி, வேறு வயது. இரண்டும் இரண்டு விதமாகப் பிடித்தால் துள்ளல் இன்னும் இலகுவாகத் தொடங்கும்.

பிறகு காரை உயர்த்தினோம். ஜக்கை மட்டும் நம்பி அடியில் போகக் கூடாது, இரும்புத் தாங்கிகள் வைக்க வேண்டும். இந்த இடத்தில் அண்ணை விட்டுக்கொடுக்கவே மாட்டார், தாங்கி வாங்கி வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அடியில் கண்டது: வலது ஷொக்கில் எண்ணெய் கசிவு. கீழ்க்கைகளின் புஷ்களை நெம்புகோலால் நெம்பியபோது இடது பக்க றப்பர் வாய் திறந்தது. டிவரன்சியல் எண்ணெயை வடித்துப் பார்த்தோம். காந்தத்தில் மெல்லிய கருஞ்சேறு மட்டும், அது வழமை. துண்டுகள் இல்லை. தண்டைக் கையால் திருப்பியபோதும் அளவுக்கு மிஞ்சிய ஆட்டம் இல்லை. 2,600 டொலர் வேலை அந்த இடத்தில் தேவையற்றதாயிற்று.

கடைசியாகக் கண்டதுதான் முக்கியமானது. முன்னைய சொந்தக்காரர் அழகுக்காகப் பின் ஸ்பிறிங்கை வெட்டிக் காரைப் பதித்திருந்தார். சாதாரண உயரத்தில் கீழ்க்கையின் முன்முனை பின்முனையைவிடச் சற்று உயர்ந்திருக்கும். அப்போது சில்லு தள்ளுகிற விசை உடலை மேலே தூக்கப் பார்க்கும், அதன் எதிர்விசை ரயரை வீதியில் அழுத்தும். காரைப் பதித்தால் முன்முனை கீழே போய்விடும். பிறகு மிதிக்க மிதிக்க ரயரின் மேலுள்ள அழுத்தம் குறையப் பார்க்கும். பிடிமானம் தேவைப்படுகிற நேரத்திலேயே அது இல்லாமல் போகிறது. மகனுக்குப் பதிந்த தோற்றம்தான் பிடித்திருந்தது. பழைய உயரத்துக்குக் கொண்டுவர அவனைச் சம்மதிக்க வைத்ததுதான் இந்த வேலையிலேயே கடினமான பகுதி. பதிந்தபடியே வைத்துக் கையின் பின்முனையை இறக்குகிற தகடுகளும் விற்பனைக்கு உண்டு. பனிக்கட்டி மேட்டில் வயிறு உரசுகிற காருக்கு எங்கள் அபிப்பிராயத்தில் அது வீண் செலவு.

இரண்டு ஷொக், இரண்டு கீழ்க்கைகள், பழைய உயரத்து ஸ்பிறிங், இரண்டு ரயர் எல்லாமாக 1,150 டொலர். கீழ்க்கைகளுக்குக் கடினமான பொலியூரித்தேன் புஷ் உள்ளதை எடுத்தோம். மேல்கைக்கு றப்பரையே விட்டோம், அதைக் கடினமாக்கினால் பற்சில்லுச் சத்தம் முழுவதும் உள்ளே கேட்கும். வீதி உப்பில் ஊறிய போல்ட் ஒன்றைக் கழற்ற ஒரு சனிக்கிழமை முழுவதும் போனது. ஒரு நேரத்தில் ஒரு பக்கக் கையை மட்டுமே கழற்ற வேண்டும், இரண்டையும் கழற்றினால் அச்சு திரும்பிவிடும். றப்பர் புஷ் உள்ள இடத்தில் போல்டைக் கடைசியாக இறுக்குவது கார் தன் பாரத்தோடு சில்லில் நிற்கும்போதுதான். தொங்கவிட்டு இறுக்கினால் இறக்கியவுடன் றப்பர் முறுகி, சில மாதத்தில் கிழிந்துவிடும். கராஜில் கொடுத்துச் செய்வித்தாலும் இதைக் கேட்டுவிடுங்கள்.

சரியா என்று பார்ப்பதற்குத் தெருவில் மிதித்துப் பார்க்கக் கூடாது. ஒன்ராரியோவில் 2021இல் சட்டத்தை இறுக்கிய பிறகு, சாகச ஓட்டம் என்று பொலிஸ் பிடித்தால் அந்த இடத்திலேயே அனுமதிப்பத்திரம் 30 நாள், கார் 14 நாள் போய்விடும். காசு கட்டி ஓடுகிற ஓட்டப்பாதைக்குப் போனோம். வழுக்கலைத் தடுக்கும் மின்கருவி துள்ளலை மறைத்துவிடும் என்பதால் அதை அங்கே நிறுத்திவிட்டு நாலு தடவை மிதித்தான். நாலாவதில் ரயர் புகைத்தது, துள்ளவில்லை.

இன்னொன்று. தனியாரிடம் பழைய கார் வாங்குகிறவர்கள் இங்கே சேப்டி சேர்ட்டிபிக்கேற்றைக் கண்டதும் நம்பிவிடுகிறார்கள். அது 36 நாளுக்குத்தான் செல்லும், சட்டம் கேட்கிற மிகக் குறைந்த அளவைத்தான் சொல்லும். எங்கள் காருக்கும் அது இருந்தது.

பொலியூரித்தேன் புஷ் குளிர் காலையில் கீச் கீச்சென்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கிறீஸ் வைக்க வேண்டும். போன சனிக்கிழமை அவன் மறந்துவிட்டான். அண்ணை மூன்றாம் மாடியிலிருந்து சத்தத்தைக் கேட்டுவிட்டு இறங்கி வந்தார்.