கப்பல் நின்ற ஊர்

கடலுக்கும் எங்கள் குன்னத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் இரண்டு விதமாகப் பதில் சொல்லலாம். பூகர்ப்ப சாஸ்திரிகளைக் கேட்டால், பத்துக் கோடி வருஷத்துக்கு முன்பு கடலே இங்கேதான் இருந்தது என்பார்கள். அவர்கள் சொல்வதை நம்பாமல் இருக்க முடியாது. ஓடைக்கரையில் கல்லாய்ச் சமைந்த சிப்பியையும் நத்தையையும் பொறுக்கி ஆடு மேய்க்கிற பையன்கள் சொட்டாங்கல் ஆடுவதை நானே பார்த்திருக்கிறேன். பக்கத்துச் சாத்தனூரில் பதினெட்டு மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லாகிப் படுத்திருக்கிறது, 1940-ல் எம். எஸ். கிருஷ்ணன் என்ற பூகர்ப்ப அறிஞர் அதைக் கண்டு உலகுக்குச் சொன்னார். அரியலூர்ப் பக்கத்துச் சிமெண்டு ஆலைகள் இரவும் பகலும் அரைப்பது அந்தப் பழைய கடலின் சுண்ணாம்பைத்தான்.

இரண்டாவது பதில் என் அத்தையுடையது. அவளுக்குக் கடல் என்று தனியாக ஒன்று கிடையாது. நாகப்பட்டினம் என்ற ஊர் உண்டு. அங்கே கப்பல் நிற்கும். அதில் மாமா ஏறிப் போனார். அவ்வளவுதான். குன்னத்திலிருந்து நாகப்பட்டினம் ஏறக்குறைய நூறு மைல். ஐம்பத்தைந்து வயசு வரை அத்தை அந்த ஊரைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் ஒரு நாளாவது அதன் பெயரைச் சொல்லாமல் இருந்ததும் இல்லை.

அத்தையின் வாயில் கேட்ட அந்தப் பெயரைப் பிற்பாடு நான் சரித்திரப் புத்தகங்களில் சந்தித்தபோது, நம் வீட்டு ஆள் ஒருவரைப் பெரிய மனிதர்கள் சபையில் பார்த்ததுபோல் இருந்தது. ஏழாம் நூற்றாண்டில் இ-த்சிங் என்ற சீனத் துறவி எழுதி வைத்த யாத்திரைக் குறிப்புகளில் நாகப்பட்டினம் இருக்கிறது. தென்கடல் தீவுகளிலிருந்து வந்து இங்கே இறங்கி, இங்கிருந்து இலங்கைக்குக் கப்பல் மாறுவார்களாம். இன்றைக்கு நாம் விழுப்புரத்தில் ரயில் மாறுவதுபோல! சிவனடியார்களில் அதிபத்த நாயனார் இந்த ஊர் மீனவர்தாம். வலையில் விழுகிற முதல் மீனைச் சிவனுக்கென்று கடலிலேயே விட்டுவிடுகிறவர். கடலிலிருந்து எடுப்பதற்கு முன்னால் கடலுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்ற எண்ணம் கரையில் பிறந்தவனுக்குத்தான் தோன்றும்.

சூடாமணி விகாரத்தை எல்லோருக்கும் தெரியும். தெரியவைத்தவர் கல்கி. 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்த பொன்னியின் செல்வனில், அருள்மொழிவர்மர் குளிர்சுரத்தோடு அங்கே படுத்திருந்ததையும், கடல் பொங்கி ஊருக்குள் வந்ததையும் படித்துவிட்டு, அடுத்த வாரம் வரை தூங்காதவர்கள் உண்டு. சரித்திரத்தின் கணக்கு கொஞ்சம் வேறு. அந்த அருள்மொழிவர்மரே ராஜராஜனாகி, ஆட்சியின் இருபத்தோராவது ஆண்டில், அதாவது 1006 வாக்கில், ஸ்ரீவிஜயத்து அரசன் மாறவிஜயோத்துங்கவர்மன் எழுப்பிய விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற கிராமத்தைப் பள்ளிச்சந்தமாகக் கொடுத்தான். தொண்ணூற்றேழு வேலிக்குச் சற்று அதிகமான நிலம். சைவ அரசன், பௌத்தப் பள்ளிக்கு, அதுவும் கடலுக்கு அப்பாலுள்ள ஒருவன் தன் தந்தையின் பெயரால் கட்டிய பள்ளிக்குக் கொடுக்கிறான். பெரிய மனசு என்று பாராட்டலாம். எனக்கென்னவோ அதைவிட வியாபாரம் தெரிந்தவன் என்று பாராட்டத் தோன்றுகிறது. வருகிற வணிகனுக்குக் கும்பிட ஓர் இடம் இருந்தால் கப்பல் அடுத்த வருஷமும் வரும்.

தானத்தைச் செப்பேட்டில் வெட்டுவித்தவன் மகன் ராஜேந்திரன். இருபத்தோரு ஏடுகள், வளையத்தில் கோத்து, ராஜேந்திரன் முத்திரை போட்டது. அதே ராஜேந்திரன் 1025-ல் கப்பற்படை அனுப்பி அதே ஸ்ரீவிஜயத்தைத் தாக்கினான், கடாரம் கொண்டான். அவன் தலைநகரான கங்கைகொண்ட சோழபுரம் எங்கள் அரியலூர்ச் சீமையில்தான் இருக்கிறது. கடாரம் என்பது இன்றைய மலேசியாவின் கெடா. இதை நான் ஏன் நிறுத்திச் சொல்கிறேன் என்றால், மாமா போன ரப்பர்த் தோட்டமும் கெடாவில்தான் இருந்தது. எங்கள் சீமையிலிருந்து கடாரத்துக்குப் போனவர்களில் ஒருவன் மெய்க்கீர்த்தியில் ஏறினான். இன்னொருவர் கங்காணியின் நோட்டுப் புத்தகத்தில் ஏறினார்.

அதற்கும் முன்னால் நாகை பல கை மாறியது. பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வந்து குடியேறினார்கள். 1658-ல் டச்சுக்காரர் அவர்களை விரட்டினார்கள். பழவேற்காட்டில் வைத்திருந்த தங்கள் தலைமையிடத்தை 1690-ல் நாகைக்கே கொண்டுவந்து, கோட்டையும் கட்டினார்கள். மிளகும் கிராம்பும் விளையும் தீவுகளில் வெள்ளிக் காசை நீட்டினால் மட்டும் சரக்கு கிடைக்காது. சோழமண்டலக் கரையின் துணி வேண்டும். ஆகவே நம் தறியில் நெய்தது நாகையில் கப்பலேறி, ஜாவாவில் மிளகாக மாறி, ஆம்ஸ்டர்டாமில் பொன்னாக இறங்கிற்று. நெய்தவன் வீட்டுக் கூரை மட்டும் அப்படியே இருந்தது. 1746, 1758, 1782 என்று மூன்று தடவை இங்கிலீஷ்காரரும் பிரெஞ்சுக்காரரும் நாகைக்கு எதிரே கடலில் பீரங்கி வைத்துச் சண்டை போட்டார்கள். யார் ஜெயித்தார்கள் என்று கேட்காதீர்கள். இரண்டு கட்சியும் தாங்களே என்று ஊருக்குக் கடிதம் எழுதியிருப்பார்கள். 1781-ல் கோட்டை இங்கிலீஷ்காரர் கைக்குப் போய்விட்டது. 1784 உடன்படிக்கையில் அது உறுதியாயிற்று.

இங்கிலாந்தின் கீழ்க்கரையில் டன்விச் என்று ஒரு துறைமுகம் இருந்தது. ஒரு காலத்தில் பெரிய பட்டினம். 1286-ல் அடித்த புயலில் ஆரம்பித்து, கடல் அதைத் தெருத்தெருவாக, கோயில் கோயிலாகத் தின்றது. ஊரில் விரல்விட்டு எண்ணக்கூடிய வாக்காளர்கள் மிஞ்சிய பிறகும், 1832 வரை பார்லிமெண்டுக்கு இரண்டு அங்கத்தினர்களை அனுப்பிக்கொண்டிருந்தார்களாம். நம்முடைய பூம்புகார் கதை மாதிரி. ஆனால் நாகையின் கதை வேறு. அதைக் கடல் தின்னவில்லை. கரையில் இருந்தவர்கள் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

செப்பேடு ஹாலந்துக்குப் போயிற்று. லெய்டன் பல்கலைக் கழகத்தில் சேர்ந்து, லெய்டன் செப்பேடு என்றே பெயர் வாங்கிவிட்டது. ஆனைமங்கலச் செப்பேடு என்று நாமும் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறோம். 1856-ல் பாதிரிமார் ஓர் இலுப்பை மரத்தை வெட்டியபோது, வேருக்கடியில் ஐந்து விக்கிரகங்கள் அகப்பட்டன. யாரோ, எப்போதோ, எதற்கோ பயந்து புதைத்துவிட்டு, திரும்பி வந்து எடுக்க முடியாமல் போனவர்கள். பிற்பாடு நூற்றுக்கணக்கில் வெண்கலப் புத்தர்கள் கிடைத்து, சென்னை அருங்காட்சியகத்துக்கும் உலகத்துக்கும் போனார்கள். விகாரத்தின் பக்கத்தில் மூன்று நிலையில் ஒரு செங்கற் கோபுரம் நின்றது. புதுவெளிக் கோபுரம் என்பார்கள். நடுக்கடலிலிருந்து மாலுமிகள் அதைப் பார்த்துத்தான் கரையை அடையாளம் கண்டார்கள். இடிந்து விழும்போல் இருக்கிறது என்று சொல்லி, சர்க்கார் உத்தரவு வாங்கி 1867-ல் இடித்தார்கள். பல நூறு வருஷம் விழாமல் நின்றதற்கு அந்த வருஷம்தான் விழவேண்டும் என்று எப்படித் தோன்றியதோ!

மிச்சத்தை எடுத்துக்கொண்டது எங்கள் திருச்சி. 1995-ல் பெரம்பலூர் தனி ஜில்லா ஆகும்வரை நாங்கள் திருச்சி ஜில்லாக்காரர்கள். ஆகையால் கொஞ்சம் கூச்சத்தோடுதான் சொல்கிறேன். 1844-ல் நாகையில் தொடங்கிய செயின்ட் ஜோசப் கல்லூரி 1883-ல் திருச்சிக்குப் போயிற்று. தெற்கே முதலில் வந்த ரயில் பாதைகளில் ஒன்று நாகையில் தொடங்கியது. 1861-ல் தஞ்சாவூர், 1862-ல் திருச்சி. அந்தக் கம்பெனியின் தலைமை அலுவலகம் பிறகு திருச்சிக்கு நகர்ந்தது. ரயில் தொழிற்சாலையும் 1920-களின் கடைசியில் பொன்மலைக்குப் போய்விட்டது. பொன்மலைச் சங்கு ஊதும்போதெல்லாம் நாங்கள் கடிகாரத்தைச் சரிப்படுத்திக்கொண்டோம். அது ஒரு காலத்தில் நாகையில் ஊதிய சங்கு என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

நாகைக்கு மிஞ்சியது ஒரே ஒரு வியாபாரம்: ஆள் ஏற்றுமதி. மலாயாவில் ரப்பர் மரத்தில் பால் வடிக்க ஆள் தேவைப்பட்டது. கங்காணி கிராமத்துக்கு வருவான். சரிகை வேஷ்டி, கையில் கடிகாரம். மழை பொய்த்த வருஷமாகப் பார்த்து வருவான். 1937-ல் குன்னத்துக்கு வந்தான். மாமாவுக்கு அப்போது இருபத்துமூன்று வயசு, அத்தைக்குப் பதினெட்டு. மூன்று வருஷத்தில் திரும்பி, அடமானத்தில் இருக்கிற இரண்டு ஏக்கர் கொல்லையை மீட்பதாகப் பேச்சு. நாகை முகாமில் அம்மை குத்தி, டாக்டர் பார்த்து, கப்பலுக்கு அனுப்புவார்கள். பெரிய கப்பல் கரைக்கு வராது. ஆழமில்லாத கடற்கரை, தூரத்தில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். படகில் போய் ஏணியில் ஏறவேண்டும். 1926-ல் கட்டிய ரஜூலா என்ற கப்பலில், திறந்த தளத்தில் மட்டும் ஐயாயிரம் பேருக்குமேல் ஏற்ற அனுமதி இருந்தது. ஏறக்குறைய ஒரு வாரத்தில் பினாங்கு. மாமா போன மறுவருஷம், 1938-ல், இந்திய சர்க்கார் இப்படிக் கூலிகளை அனுப்புவதைத் தடைசெய்துவிட்டது. ஒரு வருஷம் முன்னதாகச் செய்திருக்கலாம் என்று அப்பா சொல்லுவார். அத்தை ஒன்றும் சொல்லமாட்டாள்.

நாலு வருஷம் கடிதமும் பணமும் வந்தன. 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் மலாயாவில் இறங்கினான். அதோடு நின்றது. சயாம் மரண ரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைப் பிடித்துப் போனதும், பல்லாயிரம் பேர் காலராவிலும் பட்டினியிலும் செத்ததும் யுத்தம் முடிந்த பிறகே தெரிந்தன. மாமா அதில் இருந்தாரா, இல்லையா? சொல்ல ஆளில்லை. அத்தை குங்குமத்தை அழிக்கவில்லை. ஊரில் ஆரம்பத்தில் முணுமுணுத்தார்கள், அப்புறம் பழகிக்கொண்டார்கள். சுபகாரியங்களில் முன்வரிசையிலும் உட்காரமாட்டாள், பின்வரிசைக்கும் போகமாட்டாள். தூண் ஓரமாக நின்றுவிடுவாள்.

1974-ல் நான் திருச்சியில் வேலையில் இருந்தேன். நாகப்பட்டினத்துக்குக் கூட்டிப் போகச் சொன்னாள். கப்பலில் ஏறினவர்கள் பெயரை எங்கேயாவது எழுதி வைத்திருப்பார்கள் அல்லவா, அதில் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கவேண்டுமாம். மலாயா ஸ்டாம்பு ஒட்டின பழைய உறை ஒன்றை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாள். தஞ்சாவூரில் ரயில் மாறி மத்தியானத்தில் சேர்ந்தோம். ஓர் அலுவலகத்தில் கேட்டேன். அங்கிருந்தவர் நல்ல மனிதர். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். அந்தக் காலத்துப் புத்தகங்கள் தம்மிடம் இல்லை என்றார். ரஜூலாவே அந்த வருஷம் உடைக்கப் போய்விட்டது. அத்தை உறையை மறுபடி முடிந்துகொண்டாள்.

கடற்கரைக்குப் போனோம். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்:

“ஏன் சாமி, அந்த ஊரு எந்தப் பக்கம்?”

கிழக்கே கையைக் காட்டினேன்.

“இம்மாந் தண்ணியத் தாண்டியா போனாரு? பாவம், கெணத்துல எறங்கவே பயப்படுவாரே.”

மாமாவைப் பற்றி எங்கள் குடும்பத்தில் எனக்குக் கிடைத்த ஒரே சொந்தச் செய்தி அதுதான். முப்பத்தேழு வருஷம் அவள் அதை யாரிடமும் சொன்னதில்லை. 1988-ல் குங்குமத்தோடேயே செத்துப்போனாள். நெற்றியில் இருக்கட்டும் என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். யாரும் மறுத்துப் பேசவில்லை.

நாகைக்குப் பிறகும் நான் போயிருக்கிறேன். 2004 டிசம்பர் 26-க்குப் பின், ஒரு மாதம் கழித்துப் போனதை எழுத எனக்குத் தெம்பில்லை. நாகை ஜில்லாவில் மட்டும் ஆறாயிரம் பேருக்குமேல். அக்கரைப்பேட்டையில் விசைப்படகுகள் கரைமேல் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. ஒரு பெண் எல்லாப் படகுகளையும் சுற்றிவந்து பெயர்களை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்காவது படிக்க ஒரு பெயர் இருந்தது என்று நினைத்துவிட்டு, அப்படி நினைத்ததற்காக என்னையே வெறுத்தேன்.

சிங்கப்பூரில் ஒரு நாகூர் தர்கா இருக்கிறது. 1828-க்கும் 1830-க்கும் இடையில் நம் கரையிலிருந்து போனவர்கள் கட்டியது. பினாங்கிலும் ஒன்று. தாங்கள் ஏறின துறையை நினைவுக்காக அங்கே ஊன்றி வைத்துவிட்டார்கள். ஏற்றி அனுப்பின நாகையில் அவர்களுக்காக நான் தேடிய வரையில் ஒரு கல்கூட இல்லை.

2023 அக்டோபரில் நாகையிலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் விட்டார்கள். சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி தொடங்கியது. அதன் பிறகு ஒரு நாள் பார்க்கப் போயிருந்தேன். பெட்டி படுக்கையோடு யாழ்ப்பாணத்துக்காரர்கள் சிலர் வரிசையில் நின்றார்கள். டிக்கெட் விவரம் சொல்லிக்கொண்டிருந்த இளைஞரிடம், பினாங்குக்கு இங்கிருந்து கப்பல் உண்டா என்று கேட்டேன். இல்லை என்று தெரிந்தேதான் கேட்டேன். அவர் என் தலை நரையைப் பார்த்துப் பரிவோடு பதில் சொன்னார்:

“மலேசியாவுக்கா தாத்தா? அதுக்கு நீங்க திருச்சிக்குப் போகணும். அங்கதான் பிளேன்.”