யாரிடம் விசுவாசம்?

மக்காவ் நகரில் பழைய நகரசபைக் கட்டடத்தைக் காணும் பாக்கியம் கிட்டியது. போர்த்துகீசியரும் சீன அதிகாரிகளும் சந்தித்துப் பேசிய சீன மண்டபம் இருந்த இடத்தில், 1784-ல் போர்த்துகீசியர் கட்டியது. அச்சபையில் நியாயாதிபதிகளும் அங்கம் வகித்தபடியால் வழக்குகளும் அங்கே விசாரிக்கப்பட்டன.

உள்ளே வளைவின் மேல், 'இதனினும் விசுவாசமுள்ள நகரம் வேறில்லை' என்று போர்த்துகீசிய மொழியில் பொறித்திருக்கிறது. கடலுக்கு அப்பாலிருந்த அரசன் அளித்த பட்டம்! ஊரில் பெரும்பாலோர் சீனர். அவர்களை யார் கேட்டார்கள்? நீல வெள்ளை ஓடுகள் பதித்த சுவரருகே வெகுநேரம் நின்றேன். 1999-ல் ஊர் சீனாவிடம் சேர்ந்தது. எழுத்து மட்டும் நிற்கிறது.

விசுவாசத்தைப் பற்றி நான் வகுப்பில் பேசியபோது, "யாரிடம், ஸார்?" என்றான் ஒரு பையன். அதட்டி உட்காரவைத்தேன். ஊர் திரும்பியதும் அவனிடம் சொல்ல வேண்டும்: "நல்ல கேள்வி, அப்பா. எழுந்திரு, சேர்ந்தே யோசிப்போம்."