ஹக்கலை மரங்களும் எங்கள் வேலியும்

நுவரெலியாவிலிருந்து வெலிமடை வீதியால் ஏறத்தாழப் பத்துக் கிலோமீற்றர் போனால் ஹக்கலை தாவரவியற் பூங்கா வரும். 1861இல் சிங்கோனாப் பயிருக்காகத் தொடங்கப்பட்ட இடம். சுமார் 5,500 அடி உயரம். எங்கள் மாதர் சங்கத்தாருடன் அங்கு போனபோது கலிபோர்னியச் சைப்பிரஸ், யப்பான் சீடர், இமயமலைப் பைன் என்று ஆண்டு முழுவதும் பச்சை மாறாத ஊசியிலை மரங்களைக் கண்டோம்.

வந்தவர்களில் பலர் தனியாகக் குடும்பம் நடத்தும் பெண்கள். மறைப்பில்லாத வளவில் இரவு நிம்மதியாக உறங்க முடியாது என்பது எங்களுக்குத் தெரியும். "இதில் எதை வேலிக்கு நடலாம்?" என்ற கேள்வி இயல்பாகவே எழுந்தது.

மலைநாட்டு வளவுக்குச் சைப்பிரஸ் நல்லது. இளமையிலிருந்தே நுனியை வெட்டி வந்தால் சுவர்போல அடர்ந்து நிற்கும். ஆனால், இலையில்லாத பழைய கொப்புவரை வெட்டினால் மறுபடி துளிர்க்காது. பைன் வேலிக்கு உதவாது. ஓங்கி வளரும், கீழ்க் கொப்புகள் காய்ந்துபோகும், உதிர்ந்த இலை எளிதில் தீப்பற்றும். வீட்டோடு ஒட்டி நடக்கூடாது.

வன்னி வெயிலுக்கு இவை இரண்டும் சரிவராது. காரைநகர் கசூரினாக் கடற்கரையில் நிற்கும் சவுக்கு, பார்வைக்குப் பைன் போன்றது. ஆனால் அந்த இனமல்ல. மணலையும் உப்புக் காற்றையும் தாங்கும். கரையோரச் சகோதரிகள் அதை நடலாம். மற்றவர்களுக்குக் கிளுவையும் பூவரசுமே போதும். மாரி தொடங்கும்போது கதியால் ஊன்றினால் வேர்விடும். வெட்ட வெட்டத் துளிர்க்கும். கிளுவைக் குழை ஆட்டுக்கு, பூவரசங் குழை தோட்டத்துப் பசளைக்கு.

அழகைப் பார்க்க ஹக்கலைக்குப் போய் வருவோம். வேலிக்கு அயலில் நாலு கதியால் கேட்போம்.