450-லயே நின்னிருக்கலாம்

"மாமா, அடுத்து வரப்போற பிராசஸர்ல 'கே' மாடலுக்கு கூட காசு குடுக்கலாமா? ஓவர்கிளாக் பண்ணா எவ்ளோ தாங்கும்?"

போன வாரம் போன்ல கேட்டது அக்கா பையன். யாரோட பையன் யாருகிட்ட கேக்குறான் பாருங்க! இதுக்குப் பின்னாடி ஒரு சோகக்கதை இருக்கு.

1999. அக்கா தமிழ்ல எம்.ஃபில் பண்ணிட்டிருந்த நேரம். அப்பா பி.எஃப். லோன் போட்ட காசுல ரிச்சி ஸ்ட்ரீட்ல பார்ட் பார்ட்டா வாங்கி நானே அசெம்பிள் பண்ணினேன். பிராசஸர், இன்டெல் செலரான் 300ஏ. தெரியாதவங்களுக்கு: இது 1998 ஆகஸ்டுல 149 டாலருக்கு வந்துச்சு. கூடவே வந்த 450 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 2 விலை 669 டாலர். செலரானோட மல்டிப்ளையர் 4.5, அதை மாத்த முடியாது. ஆனா 66-ல ஓடுற பஸ்ஸை 100 ஆக்கிட்டா 300 அப்படியே 450 ஆயிடும். உள்ளே இருக்கற 128 கேபி கேஷும் சிப்போட முழு வேகத்துல ஓடும். அதனால பென்டியத்துக்கு கிட்டத்தட்ட சரிசமமா நிக்கும். மிச்சம் 520 டாலர். விடுவோமா?

450-ல ராஜா மாதிரி ஓடுச்சு. பத்து நாள்ல கை அரிச்சுது. பஸ்ஸை 112 ஆக்கினேன். 504! நண்பர்களுக்கெல்லாம் போன் போட்டு பீத்திக்கிட்டேன். ரெண்டு நாள் கழிச்சு விண்டோஸ் வரலை. அக்கா ஆய்வேட்டுல ஃப்ளாப்பில இருந்த ரெண்டு இயல் தப்பிச்சுது. மத்த நாலும் போயே போச்சு.

சிப்புக்கு ஒண்ணுமே ஆகலைங்கறதுதான் வேடிக்கை. பிசிஐ பஸ்ஸும் அதே கடிகாரத்துலதான் ஓடுது. 100-ஐ மூணால வகுத்தா 33, அதுதான் அதுக்கு விதிச்ச வேகம். 112-ஐ வகுத்தா 37 தாண்டுது. ஹார்ட் டிஸ்க் அந்த வழியாத்தான் எழுதுது. எல்லை சிப்புல மட்டும் இல்லை, அதோட கட்டியிருக்கற எல்லாத்துலயும் இருக்குன்னு எனக்கு லேட்டாத்தான் புரிஞ்சுது.

அக்கா திட்டலை. கையெழுத்து நோட்டை எடுத்து வச்சுக்கிட்டு மூணாவது இயல்லேர்ந்து மறுபடி டைப் அடிக்க உக்காந்துட்டா. திட்டியிருந்தா தேவலை.

2011-ல வந்த சேண்டி பிரிட்ஜ்ல இன்டெல் இந்த விளையாட்டையே மூடிடுச்சு. அடிப்படை கடிகாரம் 100. பிசிஐ எக்ஸ்பிரஸ், சாட்டா எல்லாம் அதையே நம்பியிருக்கறதால சில சதவீதத்துக்கு மேல ஏத்த முடியாது. மல்டிப்ளையரைத் தொறக்கணும்னா 'கே' மாடல் வாங்கணும். ஐ5-2500 விலை 205 டாலர், 2500கே 216. நாம ஓசியில அனுபவிச்சதுக்கு 11 டாலர் டிக்கெட் :-)

இப்போ கம்பெனிக்காரங்களே கடைசி சொட்டு வரைக்கும் பிழிஞ்சுதான் விக்கிறாங்க. 2024 மார்ச்ல 689 டாலருக்கு வந்த ஐ9-14900கேஎஸ் தானாவே 6.2 கிகாஹெர்ட்ஸ் தொடும். அதுக்கு மேல நாம பிழிஞ்சா வர்றது சூடும் கரண்ட் பில்லும்தான்.

அதனால மருமகனுக்குச் சொன்னது இது. விலைப்பட்டியல் வந்ததும் 'கே'வுக்கு எவ்ளோ கூடன்னு மட்டும் பாக்காதே. இன்டெல்னா இசட் சீரிஸ் போர்டு வேணும், 'கே' டப்பாவுல கூலரும் வராது. மூணையும் கூட்டிப் பாரு. ரைசன்ல பெரும்பாலான சிப்புல பூட்டு இல்லை, பி சீரிஸ் போர்டே போதும். எப்படிப் பாத்தாலும் அந்த 300-450 மாதிரி பாதிக்குப் பாதி லாபத்தை எதிர்பாக்காதே. அந்தக் காசுல ஒரு படி மேல சிப்பு வாங்கிக்கோ.

"ஆசைக்கு கொஞ்சம் ஏத்திப் பாக்கறேனே மாமா"ன்னான்.

பின்னாலேர்ந்து அக்கா குரல்: "தாராளமா ஏத்தச் சொல்லு. என் ஃபைலெல்லாம் காப்பி எடுத்து பீரோவுல வச்சுட்டேன்."

இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு. மறக்கலை.