உப்பு லாரியில் ஓர் இருட்டுப் பயணம்!

நாமக்கல் என்றதும் உங்களுக்கு முட்டை ஞாபகம் வரும். கொஞ்சம் பக்திமான் என்றால், மேலே கூரையில்லாமல் வெயிலிலும் மழையிலும் கைகூப்பி நிற்கிற 18 அடி ஆஞ்சநேயர். எனக்கு இனிமேல் நாமக்கல் என்றால் ஒரு பல்பு. அதுவும் சுண்டுவிரல் நகம் சைஸில் ஒரு சின்ன பல்பு!

என் அக்கா வீட்டுக்காரர் லாரி ஓனர். வரிசையாக லாரி நிற்கும் ஷெட், ஏ.ஸி. ரூம் என்றெல்லாம் கற்பனை வேண்டாம். ஒரே ஒரு லாரி. 2004 மாடல், பத்து டயர். ஓனரும் அவரே, டிரைவரும் அவரே. போன மாதம் தூத்துக்குடியில் உப்பு ஏற்றிக்கொண்டு சேலம் கிளம்பியவர், "மாப்ளே, சும்மா உட்கார்ந்து எழுதிட்டுத்தானே இருக்கீங்க... கூட வாங்க" என்றார். (எங்கள் குடும்பத்தில் எழுதுவதற்கு 'சும்மா' என்று அர்த்தம்!) மதுரை பைபாஸில் ஏறிக்கொண்டேன்.

திண்டுக்கல் வரை ராஜ பயணம். கேபினில் ஃபேன், பாட்டுக்கு ஆம்ப்ளிஃபயர், நெற்றியில் சீரியல் லைட், பம்பரில் நாலு ஃபோகஸ் லைட். கல்யாண மண்டபம் ஒன்று ரோட்டில் போகிற மாதிரி இருந்தது.

கரூர் தாண்டியதும் பாடகருக்குத் தொண்டை கட்டியது. அடுத்து ஃபேன் சோம்பியது. ஹெட்லைட் வெளிச்சம் மஞ்சளாகி, மண்ணெண்ணெய் விளக்காகி... ஹாரனை அழுத்தினால் கோழிக்குஞ்சு சத்தம்!

"ஆல்டர்னேட்டர் போச்சு மாப்ளே" என்றார் மச்சான்.

பி.காம். படித்தவனுக்குப் புரிகிற பாஷையில் சொல்கிறேன். லாரியின் பேட்டரி என்பது பேங்க் சேமிப்பு. ஆல்டர்னேட்டர் என்பது மாதச் சம்பளம். இன்ஜின் ஓடும்போது பெல்ட் மூலம் சுற்றி, கரண்ட் தயாரித்து, செலவுக்குக் கொடுத்து, மிச்சத்தைப் பேட்டரியில் போடுகிறது. சம்பளம் நின்றால்? சேமிப்பு கரைகிற வரை வண்டி ஓடும். இந்தப் பழைய டீசல் இன்ஜினுக்கு ஸ்டார்ட் ஆகத்தான் கரண்ட் வேண்டும், ஓட வேண்டாம். ஆனால் விளக்குக்கு வேண்டுமே!

"ஓரமா நிறுத்திடலாமே மச்சான்?"

"பின்னாடி லைட்டும் இல்லை. இந்த இருட்டுல நிறுத்தினா எவனாவது வந்து சொருகிடுவான். இன்ஜினை அணைச்சா மறுபடி ஸ்டார்ட்டும் ஆகாது. 16 டன் உப்பை நீங்க தள்ளுவீங்களா?"

நான் வாயை மூடிக்கொண்டேன். மச்சான் வாயையும் கவனித்தேன். எப்போதும் பேசுகிற மனுஷர், ஒரு வார்த்தை பேசவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்த கை மட்டும் இறுகியிருந்தது.

பரமத்தி வேலூர் காவிரிப் பாலத்தில் பின்னால் வந்த லாரி ஒன்று முந்திப் போக வந்தது. போகவில்லை. எங்கள் பக்கத்தில் வந்து, உள்ளே எட்டிப் பார்த்து, "லைட் இல்லீங்களா? நீங்க மெதுவா போங்க, நான் பின்னாடி வர்றேன்" என்றது ஒரு குரல். அங்கிருந்து நாமக்கல் வரை சுமார் 20 கிலோமீட்டர், அந்த மனிதர் தன் ஹெட்லைட்டை எங்களுக்குக் கடன் கொடுத்தபடி எங்கள் முதுகைக் காத்துக்கொண்டே வந்தார். ஊர் எல்லையில் ஒரு ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டார். முகத்தைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை. வட்டியில்லாக் கடன், வசூலிக்க ஆளில்லை!

விடிந்தது. மலைக்கோட்டைக்குக் கீழே ஊர் சோம்பல் முறித்தது. நாமக்கல் ஒரு விசேஷமான ஊர். வெறும் சேஸிஸ் ஒரு பக்கம் உள்ளே போகும். மரமும் தகரமும் பெயின்ட்டுமாக அலங்கரித்துக்கொண்டு மணப்பெண் மாதிரி முழு லாரி வெளியே வரும். பாடி கட்டுகிற பட்டறை, ஸ்பிரிங் பட்டை அடிக்கிற பட்டறை, தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டுகிற கம்பெனி... லாரிக்கு உடம்பு சரியில்லை என்றால் வந்து படுக்க வேண்டிய ஊர் இதுதான்.

சேலம் ரோட்டில் ஒரு எலக்ட்ரீஷியன் கடை. கடைக்காரருக்கு அறுபது வயதிருக்கும். வேறொரு பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்து இன்ஜினை ஓடவிட்டு, மீட்டரை வைத்தார். "24 வோல்ட் வண்டிங்க. ஓடுறப்ப 28 பக்கத்துல காட்டணும். உங்களுது ஏறவே மாட்டேங்குது பாருங்க." கழற்றினார். கார்பன் பிரஷ் தேய்ந்து துண்டு பீடி மாதிரி இருந்தது. பேரிங்கும் கரகர.

"35 ஆம்ப்ஸ்தானுங்ணா இது. பெருசா 65 போட்டுடலாமா?" என்றார் மச்சான்.

"போடலாமுங்க. பேட்டரிக்குப் போற ஒயரையும் கனமா மாத்தோணும், இல்லீன்னா சூடாகி உருகும். அதுக்கு முன்னால கணக்குப் பாருங்க."

கணக்கு என்றதும் நான் பேனாவை எடுத்தேன். ஹெட்லைட் 6 ஆம்ப்ஸ். நாலு ஃபோகஸ் லைட் 17. பாட்டு 8. சீரியல், பின் விளக்கெல்லாம் 5. ஃபேன் 2. மொத்தம் 38! வரவோ 35. அதுவும் டோல்கேட் வரிசையில் இன்ஜின் மெதுவாக ஓடும்போது முழுசாக வராது. மச்சானின் மண்டபம் தினமும் கடனில்தான் ஓடியிருக்கிறது!

புதுசுக்கான பணம் அக்கா பையனின் ஸ்கூல் ஃபீஸாகக் காத்திருந்தது. வரவைக் கூட்டுவதைவிடச் செலவைக் குறைப்பது என்று முடிவானது. பழசுக்கே பிரஷ், பேரிங் மாற்றம். ஆம்ப்ளிஃபயரும் இரண்டு ஃபோகஸ் லைட்டும் கழன்றன.

கடைசியாக அவர் டாஷ்போர்டைத் தட்டினார். "சார்ஜ் லைட் எரியலீங்களே?"

"ரெண்டு மாசமா எரியலீங்ணா. எரியாம இருந்தா நல்லதுதானேன்னு விட்டுட்டேன்..."

"சாவி போட்டதும் எரியோணும், வண்டி ஸ்டார்ட் ஆனதும் அணையோணும். அதாங்க நல்லது. சாவி போட்டும் எரியலீன்னா பல்பு செத்துப்போச்சுன்னு அர்த்தம். இந்த ரகத்துல அந்த பல்பு வழியாத்தான் ஆல்டர்னேட்டருக்கு முதல் கரண்ட்டே போகுது. தேய்ஞ்சதைச் சொல்லவும் ஆளில்லை, எழுப்பிவிடவும் ஆளில்லை."

புது பல்பு மாட்டினார். சாவி போட்டதும் குங்குமப் பொட்டு மாதிரி எரிந்தது. இன்ஜின் உறுமியதும் அணைந்தது. மச்சான் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்காவிடமிருந்து போன். "ஏன் இவ்வளவு லேட்?"

மச்சான் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஒண்ணுமில்லை... ஒரு பல்பு போச்சு. மாத்தியாச்சு."